தசையும் உழைப்பும் சோறும்: இந்த ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றி எங்கள் எல்லைப்புறத்தில் கேட்கப்படும் கேள்விகள்

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வண்ணாமடைப் பக்கம் பிறந்தவள். சித்தூர் என்றால் ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைக்கிறார்கள். எங்களுடையது பாலக்காட்டுச் சித்தூர் வட்டம், தமிழ் பேசும் கேரளம். தசை சாப்பாட்டை எப்படி எரிக்கிறது, உழைக்கும்போது எப்படி மாறுகிறது, வயதானால் ஏன் கரைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பேசப் போனாலும், ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல அங்கே நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், தசை ஆராய்ச்சி என்றால் ஜிம் உடம்பு வளர்ப்பதைப் பற்றிய படிப்பா?

அதுவும் ஒரு மூலையில் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையின் நடுக்கூடம் வேறு. நம் உடல் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு எலும்போடு ஒட்டிய தசை. சாப்பிட்ட மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றி அது சேமித்து வைக்கிறது. ஈரல் வைத்திருப்பது சுமார் 100 கிராம், தசைகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது 300 முதல் 500 கிராம் வரை. காய்ச்சலில் படுத்துச் சாப்பிடாமல் கிடக்கும் நாட்களில் மற்ற உறுப்புகளுக்கு வேண்டிய அமினோ அமிலங்களை, அதாவது புரதம் கட்டப்படும் துண்டுகளை, தன்னையே கரைத்துக் கொடுப்பதும் தசைதான். ஆக, அது தூக்கவும் நடக்கவும் மட்டும் உள்ள இயந்திரம் இல்லை. உடம்பின் பத்தாயமும் அதுதான்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. தசை வேலை செய்யும்போது உண்டாகும் வெப்பத்தையும், ஆக்சிஜனுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள உறவையும் ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, தசையின் நுண்குழாய்களில் ரத்தம் எப்படி முறைப்படுத்தப்படுகிறது என்பதற்காக ஆகஸ்ட் குரோவுக்குக் கொடுத்தார்கள்.

நீங்கள் ஏன் இதைப் போய்த் தேர்ந்தெடுத்தீர்கள்?

என் அப்பா செத்துகாரர். தென்னையில் பாளை சீவிக் கள்ளு இறக்குபவர். சித்தூர்க் கள்ளு கேரளம் முழுக்கப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை இறக்குபவரின் தொடையும் தோளும் எப்படி இருக்கும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். விடியலில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. முட்டி தேய்ந்து போய் 58 வயதில் மரம் ஏறுவதை நிறுத்தினார். சாப்பாடு மாறவில்லை. அதே மட்டை அரிசிச் சோறு, அதே அளவு. இரண்டு வருஷத்தில் சர்க்கரை வந்துவிட்டது.

அப்போது நான் கோவையில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். "ஏறலைன்னா சக்கரை வருமா அம்மிணி?" என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் இன்சுலின் இருந்தது, கணையம் இருந்தது, அப்பாவின் தொடை இல்லை. ஒருவருக்கு நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் கேள்வி அங்கே பிறந்ததுதான்.

அப்படியானால் சர்க்கரைக்கும் தசைக்கும் என்னதான் சம்பந்தம்?

எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோறு செரித்து ரத்தத்தில் குளூக்கோஸாக வந்ததும் இன்சுலின் சுரக்கிறது. தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்ற புரதம் சின்னச் சின்னப் பைகளில் பதுங்கி இருக்கிறது. இன்சுலின் வந்து சொன்னதும் அது செல்லின் ஓரத்துக்கு வந்து குளூக்கோஸை உள்ளே விடுகிறது. ரத்தத்தில் இன்சுலினை ஒரே அளவில் ஏற்றிவைத்து அளந்த ஆய்வுகளில், உடல் உள்ளிழுத்த குளூக்கோஸில் பெரும்பங்கு, சுமார் 80 விழுக்காடு வரை, தசைக்கே போனது. தசை மந்தமானால் சர்க்கரை போக இடமில்லாமல் ரத்தத்தில் நிற்கிறது.

எனக்கு இன்றும் வியப்பு தருவது அடுத்த விஷயம். தசை சுருங்கி விரிந்தால், இன்சுலின் சொல்லாமலேயே அதே குளூட்-4 ஓரத்துக்கு வருகிறது. இரண்டு வழிகளும் தனித்தனி. இன்சுலின் வழி அடைபட்டுப் போனவருக்கும் உழைப்பின் வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள் என்று மருத்துவர் சொல்வதற்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான்.

அப்பாவின் கணக்கையும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையுள்ளவர் 10 மீட்டர் ஏறினால் செய்யும் வேலை ஏறக்குறைய 5,900 ஜூல், அதாவது 1.4 கிலோகலோரி. தசையின் திறன் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று வைத்தால், அதற்காக உடம்பு எரிப்பது 7 கிலோகலோரிக்குள். பத்து மரம், இரண்டு வேளை என்று வைத்துக்கொண்டாலும் 140. இறங்குவதும், மேலே தொங்கிக்கொண்டு பாளையைத் தட்டுவதும், மரத்துக்கு மரம் நடப்பதும் தனி. ஏறுவதற்கு மட்டும் பார்த்தால் 40 கிராம் அரிசிதான் கணக்கு. இவ்வளவு பாடுபட்டு 40 கிராம் அரிசியா என்று எனக்கு அழுகையே வந்தது. பிறகுதான் புரிந்தது, அப்பாவைக் காத்தது அவர் எரித்த கலோரி மட்டும் இல்லை. ஒரு நாளில் இருபது முறை அவருடைய பெரிய தசைகளெல்லாம் இறுகி விரிந்து, சர்க்கரைக்கு இடம் செய்து வைத்துக்கொண்டே இருந்தன.

நான் நாள் முழுக்க வேலை செய்கிறேன். எனக்கு எதற்கு உடற்பயிற்சி?

தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகும் அக்காமார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு நடை போதும். ஆனால் வேலை என்பது எப்போதும் ஒரே தசையை ஒரே விதத்தில் வாட்டுவது. குனிந்தே களை பறிப்பவருக்கு இடுப்பு நோகும், தொடையின் முன்பக்கத்துக்கு வேலை இருக்காது. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

தொடையில் சதையை வெட்டி எடுப்பீர்களாமே, உண்மையா?

உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை. தொடையின் வெளிப்பக்கத் தசையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, ஒரு குழல் ஊசியால் பச்சைப்பயறு அளவுக்கு ஒன்றிரண்டு துண்டு எடுப்போம். எடை 100, 200 மில்லிகிராம் இருக்கும். எடுத்த நொடியில் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் அந்தத் துண்டுக்குள் வேதிவினைகள் தொடர்ந்து நடந்து, நாம் பார்க்க வந்ததே அழிந்துவிடும். மருத்துவர்தான் எடுப்பார், நான் எடுப்பதில்லை. ஓரிரு நாள் தொடை கன்றிப்போனது போல வலிக்கும். என் தொடையிலும் இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். மற்றவரிடம் கேட்பதற்கு முன் நான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த ஊசியை 1960-களில் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் சுவீடனைச் சேர்ந்த யோனஸ் பெரிஸ்ட்ரோம். அவரும் எரிக் ஹுல்ட்மானும் 1966-ல் வெளியிட்ட சோதனையை மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும். இரண்டு பேரும் தங்களையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரே சைக்கிளில் ஆளுக்கொரு பக்கமாக நின்று, ஒருவர் வலக்காலாலும் மற்றவர் இடக்காலாலும் களைத்துப்போகும் வரை மிதித்தார்கள். அதன் பின் மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. மிதித்த காலில் கிளைக்கோஜன், சும்மா இருந்த காலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறியது. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்த தசை மட்டும் கூடுதலாகச் சேர்த்துவைத்தது. மாரத்தான் ஓடுபவர்கள் போட்டிக்கு முன் மாவுச்சத்து ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

எல்லா ஆய்வுக்கும் கீறல் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி, உடம்பின் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன், மூச்சில் ஆக்சிஜனை அளக்கும் முகமூடி, கனநீர் (எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள நீர்) குடிக்கவைத்துப் பிறகு எச்சிலிலும் ரத்தத்திலும் அதைத் தேடுவது என்று பல வழிகள் உண்டு. கனநீர் என்றதும் கதிர்வீச்சா என்று பயப்பட வேண்டாம். நாங்கள் பயன்படுத்துவது நிலையான ஐசோடோப்பு, கதிர்வீச்சு இல்லாதது.

ஒப்புதல் படிவத்தை எந்த மொழியில் கொடுக்கிறீர்கள்?

இதைக் கேட்டவர் வடகரப்பதிப் பக்கத்து ஆஷா பணியாளர் ஒருவர். இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆய்வில் சேருபவருக்குப் புரிகிற மொழியில் விவரம் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. எங்கள் ஊரில் நடப்பது வேறு. கேரள நிறுவனம் என்றால் படிவம் மலையாளத்தில் வரும். எங்கள் பெரியவர்கள் மலையாளம் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். கோவை நிறுவனம் என்றால் தமிழில் வரும், அதில் 'தசைத் திசு மாதிரி' என்று இருக்கும். யாருக்கு என்ன புரியும்?

ஒரு முறை மலையாளத்தில் இருந்த படிவத்தை உதவியாளர் ஒருவர் வாய்மொழியாகத் தமிழாக்கிச் சொன்னார். மலையாளத்தில் தசைக்குப் 'பேசி' என்று பெயர். "உங்க பேசியில இருந்து கொஞ்சம் எடுப்போம்" என்று சொன்னதும், எதிரே இருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுத்து நீட்டினார். அவர் அதற்கு முன்பே கைநாட்டு வைத்திருந்தார். அன்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. கைநாட்டு வைத்த அவருக்குத் தொடையில் கீறுவார்கள் என்பதே தெரியாது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அதன் பிறகு எங்கள் படிவத்தில் 'தொடைச் சதையில் பயறு அளவு' என்றுதான் எழுதுகிறோம். எழுதியதை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவருக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுவதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

அரிசிச் சோறு தின்னும் நமக்குத் தசை வளருமா?

வளரும். ஆனால் சோற்றோடு என்ன சேர்கிறது என்பதுதான் விஷயம்.

இதில் நம் பக்கத்து மலைக்கே ஒரு பங்கு உண்டு. 1918-ல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்துக்குள், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயச் சிறிதாக ஒரு பிரிவு தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியாவின் பல பகுதிகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மெக்காரிசன். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சாப்பிட்ட பஞ்சாப் பக்கத்து எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த சென்னை மாகாணச் சாப்பாடு கொடுத்தவை மெலிந்தன. இதைப் படித்துவிட்டு அரிசிதான் குற்றவாளி என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தட்டில் பாலும் பருப்பும் கீரையும் போதவில்லை என்பதே என் கண்ணுக்குப் படுகிறது.

அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு, கொள்ளு, பால், முட்டை, மீனில் அது தாராளம். வளர்ந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் லைசின் போதும் என்று 1985-ல் உலக அமைப்புகள் வைத்திருந்தன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் அனுரா குர்பாடும் உடன் ஆய்ந்தவர்களும் இந்தியர்களிடம் ஐசோடோப்பு முறையில் அளந்த ஆய்வுகள், உண்மையான தேவை அதைவிட மிகக் கூடுதல் என்று காட்டின. அதே உலக அமைப்புகளின் 2007 அறிக்கையில் அது 30 ஆனது. இரண்டரை மடங்கு! நம் உடம்பை அளந்ததால் உலகத்தின் எண்ணே மாறியது. மாணவர்களுக்கு இந்தத் துறையின் பயனை விளக்க இதைத்தான் எப்போதும் சொல்வேன்.

ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 50 கிலோ உள்ள அம்மாவுக்கு 41 கிராம் சொச்சம். ஒரு முட்டையில் 6 கிராம், 30 கிராம் துவரம்பருப்பில் 6 அல்லது 7, 100 கிராம் பச்சரிசியில் 7 அல்லது 8, ஒரு டம்ளர் பாலில் 6, 100 கிராம் மத்தி மீனில் 20 பக்கம். நம் எருத்தேம்பதிக் காட்டில் விளையும் நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25. கூட்டிப் பாருங்கள், எட்டாத கணக்கு இல்லை. எட்டாமல் போவது, சோற்றில் தண்ணீர்போல ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு, முட்டையைப் பையன்களுக்கு எடுத்துவைக்கும் வீட்டுப் பெண்களுக்குத்தான்.

புரதப் பவுடர் வாங்கலாமா?

தேவையில்லை, பெரும்பாலும். வே பவுடர் மோசமான பொருள் இல்லை. பாலிலிருந்து எடுப்பது, லூசின் என்ற அமினோ அமிலம் அதில் அதிகம், தசைப் புரதம் உருவாவதைத் தூண்டுவதில் லூசினுக்குத் தனிப் பங்கு உண்டு. ஆனால் ஜிம்முக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் நாளே டப்பா வாங்கும் தம்பிகளிடம் ஒன்று சொல்வேன். தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கே கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரைதான் பரிந்துரை. அதில் பெரும்பகுதி முட்டையிலும் பயறிலும் மீனிலும் வந்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

ஒல்லியாக இருப்பவருக்கும் சர்க்கரை வருகிறதே?

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) ஒன்றேதான், 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே தசை குறைவு, கொழுப்பு கூடுதல். நம் ஊரில் எடைக்கல்லை மட்டும் நம்பிப் "பையன் ஒல்லிதானே" என்று விட்டுவிடுகிறோம்.

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்?

ஒரே வாசல் இல்லை. ப்ளஸ் டூவில் உயிரியல் இருந்தால் நல்லது. நீட் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அப்புறம் உயிர்வேதியியல், உணவும் ஊட்டச்சத்தும், உடலியல், உடற்கல்வி, பிசியோதெரபி, எந்த வழியாகவும் உள்ளே வரலாம். மருத்துவம் படித்து உடலியலில் எம்.டி. செய்பவர்களும் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அடித்தளத்துக்கு உயிர்வேதியியலும் புள்ளியியலும் வேண்டும். புள்ளியியலை நான் பிந்தித்தான் கற்றேன், அதற்காக ஒரு வருஷம் இழந்தேன்.

பக்கத்தில் கோவையில் அவினாசிலிங்கம் பெண்கள் பல்கலை இருக்கிறது. 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது, ராஜம்மாள் தேவதாஸ் தலைமையேற்று வளர்த்தது. 'ஹோம் சயன்ஸா, சமையல் படிப்பா' என்று இளக்காரமாகக் கேட்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் அந்த வாசல் வழியாக வந்தவர்களின் உழைப்பும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பயன்பாட்டு ஊட்டச்சத்திலும் விளையாட்டு ஊட்டச்சத்திலும் எம்.எஸ்சி. உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விளையாட்டுப் பக்கம் விருப்பம் என்றால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி, சென்னையில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்.

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் தடுக்குமா?

முதல் வருஷம் தடுக்கும். நானும் அப்படித்தான். ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை, ஐந்நூறு அறுநூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு கட்டுரையை எடுத்து அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது.

செட் எழுதினால் கல்லூரி வேலை கிடைக்குமா? நெட் எதற்கு?

இங்கே எல்லைப்புறப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். செட் என்பது மாநிலத் தகுதித் தேர்வு, நெட் என்பது தேசியத் தகுதித் தேர்வு. ஆனால் செட் என்ற ஒரே பெயரில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. கேரளத்தின் செட், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு. தமிழ்நாட்டின் செட், கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு, அதுவும் தமிழ்நாட்டுக்குள் மட்டும். என் உறவுப் பெண் ஒருத்தி கேரள செட் தேறிவிட்டுக் கோவைக் கல்லூரிக்கு விண்ணப்பித்து ஒரு வருஷத்தை வீணாக்கினாள்.

நெட் இந்தியா முழுவதும் செல்லும். ஊட்டச்சத்துப் படித்தவர்கள் யூஜிசி நெட்டில் மனையியல் எடுப்பார்கள், உயிர்வேதியியல் படித்தவர்கள் சிஎஸ்ஐஆர் நெட்டில் உயிர் அறிவியல் எடுப்பார்கள். 2023-ல் யூஜிசி கொண்டுவந்த திருத்தப்படி உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது செட் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுபவர் பிஎச்.டி.யை விட்டுவிட முடியாது.

பணம்? எத்தனை வருஷம் ஆகும்?

இளங்கலை மூன்று அல்லது நான்கு, முதுகலை இரண்டு, பிஎச்.டி. ஐந்து, அதற்குப் பின் முதுமுனைவர் ஆய்வு இரண்டு மூன்று வருஷம். 30 வயதைத் தாண்டும். இதை வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். என் காலத்தில் ஒரு முறை ஏழு மாதம் வரவில்லை, அப்பாவின் கூட்டுறவுச் சங்கக் கடனில்தான் விடுதிக் கட்டணம் கட்டினேன். ஜேஆர்எஃப் இல்லாமல், உதவித்தொகை உறுதி இல்லாமல் பிஎச்.டி.யில் சேராதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். வேலை கிடைத்த பின் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அது நல்ல சம்பளம்தான். அந்த இடத்துக்குப் போகும் வரை உள்ள காலம்தான் நீளம்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். இந்தத் துறையில் எங்களுக்கு இடம் இருப்பது மட்டும் இல்லை, தேவையும் இருக்கிறது. தசை ஆய்வுகள் வெகுகாலம் இளைஞர்களான ஆண்களை வைத்தே நடந்தன. பெண்களின் தசையைப் பற்றி, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி, கேட்க வேண்டியது ஏராளம். எங்கள் ஊர் அமுச்சிகள் (பாட்டிமார்) தொடை வலியைப் பற்றி ஆண் ஆய்வாளரிடம் சொல்ல மாட்டார்கள்.

விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யலாமா?

செய்யலாம். பாலக்காடு அதற்கு ஏற்ற மண். 2017 ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டரில் தங்கம் வென்ற பி.யு. சித்ரா முண்டூர்ப் பெண். 2022 காமன்வெல்த்தில் நீளம் தாண்டுதலில் வெள்ளி வென்ற ஸ்ரீசங்கரும் நம் மாவட்டத்துக்காரர். ஆனால் இந்தத் துறைக்கு வருபவர்கள் எல்லாரும் வீரர்களையே நாடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. முதியவர்களை அளக்க ஆள் குறைவு.

ஆராய்ச்சியில் தோற்றுப்போனதுண்டா?

உண்டு. பிஎச்.டி. மூன்றாம் வருஷம், 27 பேரின் தசைத் துண்டுகள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருந்தன. ஒரு சனிக்கிழமை இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை, எச்சரிக்கை மணி அடித்ததைக் கேட்க யாரும் இல்லை. திங்கட்கிழமை காலை திறந்தபோது பெட்டிக்குள் தண்ணீர் நின்றது.

வீடு வீடாகப் போய் 27 பேரிடமும் சொன்னேன். அவர்கள் கொடுத்தது அவர்களுடைய சதை, அது என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. "அதுக்கென்ன டீச்சர், இன்னொருக்கா எடுத்துக்கோங்க" என்று நாட்டுக்கல் பக்கத்து அண்ணன் ஒருவர் சொன்னார். அப்படி எடுக்க முடியாது, நெறிமுறைக் குழுவிடம் திரும்ப அனுமதி வாங்க வேண்டும். வாங்க ஐந்து மாதம் ஆனது. 27-ல் 19 பேர் மறுபடி வந்தார்கள். என் ஆய்வேட்டில் இருப்பது அந்த 19 பேர். இப்போது மாதிரிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டடங்களில் வைக்கிறேன்.

வெளிநாடு போக வேண்டுமா?

போனால் கற்கலாம். கோபன்ஹேகன், மாஸ்டிரிக்ட், நாட்டிங்ஹாம், கனடாவில் மெக்மாஸ்டர் ஆகியவை தசை ஆய்வுக்குப் பேர்போன இடங்கள். போகாதவர்களும் நல்ல வேலை செய்கிறார்கள்.

வயதான பிறகு தசையைத் திரும்ப வளர்க்க முடியுமா?

முடியும். இந்தப் பதிலைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

என் அமுச்சி திண்ணைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. "அசையாம படுத்திருங்க ஆத்தா" என்று எல்லாரும் அன்பாகச் சொன்னோம். நானும் சொன்னேன். இரண்டு மாதத்தில் கால் குச்சியாகிவிட்டது, அதன் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. பின்னால்தான் அந்த ஆய்வைப் படித்தேன். நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததில் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். 2007-ல் வந்தது. மருத்துவர் அனுமதித்த நாளிலேயே எழுந்து உட்காரவைத்து, நிற்கவைத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு 1990-ல் வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 90 வயதில்! சார்க்கோபீனியா என்று 1989-ல் பெயர் சூட்டப்பட்ட இந்தத் தசைத் தேய்வு, பெயர் வைத்ததும் தலைவிதி ஆகிவிடவில்லை.

முதியவர்களின் தசை, சின்ன அளவுப் புரதத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதனால் அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது வல்லுநர் குழுக்களின் கருத்து. நம் வீடுகளிலோ வயதானவர்களுக்குக் கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று விட்டுவிடுகிறோம். கஞ்சியோடு ஒரு முட்டை, ஒரு கரண்டி பயறு, ஒரு டம்ளர் மோர் வையுங்கள்.

நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஒரு நோட்டும், சமையலறைத் தராசும், தையல் டேப்பும் போதும். ஏழு நாள், வீட்டில் சமைப்பதற்கு முன் அரிசி, பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுங்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 528 உணவுகளின் சத்துக் கணக்கு இருக்கிறது. அதை வைத்து ஆளுக்கு எத்தனை கிராம் புரதம் என்று கூட்டுங்கள்.

அப்புறம் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றி அளங்கள். பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்று சார்க்கோபீனியாவுக்கான ஆசியப் பணிக்குழு 2019-ல் வரையறுத்தது. அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும், முட்டி வலி இருந்தால் செய்யவே வேண்டாம். எண் குறைவாக வந்தால் பாட்டியைப் பயமுறுத்தாதீர்கள், சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வரும்போது, எந்தத் தராசில் எடை போட்டீர்கள், பாட்டி உட்கார்ந்த நாற்காலி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதையும் குறித்து வாருங்கள். நான் முதலில் அதைத்தான் கேட்பேன்.